கழுத்தில் பதக்கம், கையில் கிடார்: பனி விளையாட்டு வீரர்களின் இசைக்குழுவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சிகாகோவாசி:
பத்து வருடத்துக்கு மேல் மனதில் கிடக்கிறது, இன்றைக்காவது எழுதிவிடுகிறேன். 2013 ஆகஸ்ட், சிகாகோ கிராண்ட் பார்க், லொல்லபலூசா இசை விழா. நான் டிக்கெட் வாங்கியதே டெத் கிரிப்ஸ் என்ற குழுவுக்காகத்தான். அவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். முந்தின இரவு ஊருக்குள் இருந்த நிகழ்ச்சிக்கே வரவில்லை, கடுப்பான கூட்டம் மேடையில் இருந்த டிரம்ஸை உடைத்தது, மறுநாள் பூங்காவில் அவர்கள் இடத்தில் பேட் திங்ஸ் என்ற குழுவை ஏற்றிவிட்டார்கள். இது ஸ்னோபோர்டு வீரர் ஷான் வைட் கிடார் வாசிக்கிற குழுவாச்சே என்று பக்கத்தில் நின்றவன் சொல்லித்தான் தெரிந்தது. "பறக்கும் தக்காளி" என்று பெயர் வாங்கித் தந்த அந்தச் சிவப்புக் கூந்தலை வெட்டியிருந்தார், எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

ஹாஃப்பைப் என்கிற பனிப் பள்ளத்தில் 22 அடிச் சுவரின் விளிம்பிலிருந்து இன்னும் மேலே எழும்பி மூன்றரைச் சுற்று சுற்றி இறங்குகிற மனிதர், அன்றைக்கு இடது கை விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மோசமாக வாசித்தார் என்று சொல்லவில்லை. பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் அமைதி. "போர்டு எங்கே?" என்று நான் கத்தினேன். சுற்றிலும் சிரிப்பு. அவர் காதில் விழுந்ததா தெரியாது. டிரம்ஸ் வாசித்த பெண் மட்டும் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. சில்லறை இல்லை என்று சொல்லும்போது கடைக்காரர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. அப்புறம் குச்சியை நாலு தட்டுத் தட்டி அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். அந்த மேடையில் வைட் தவிர இன்னும் நாலு பேர் இருந்தார்கள், எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. அந்தப் பார்வைதான் இன்றைக்கும் போகமாட்டேன் என்கிறது.

ஹாஃப்பைப் ரசிகன்:
நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 2014 ஜனவரியில் ஆல்பம், பிப்ரவரியில் சோச்சி ஒலிம்பிக்ஸ். எந்த மடையன் இப்படித் தேதி வைப்பான்? 2006, 2010 இரண்டிலும் தங்கம் வாங்கியவர் சோச்சியில் நாலாவது. தங்கம் வாங்கிய யூரி பொட்லாட்சிகோவுக்கு 94.75 புள்ளி, இவருக்கு 90.25. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெங்களூரில் உட்கார்ந்து மறுஒளிபரப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். பாட்டுக் கச்சேரியை அப்புறம் வைத்துக்கொள்ளக் கூடாதா?

சிகாகோவாசி:
சகோ, அன்றைக்கு அந்தப் பைப்பே சரியில்லை, பனி இளகிக் கிடக்கிறது என்று பயிற்சியிலிருந்தே பல பேர் புகார் சொன்னார்கள். அதையும் கிடார் மேலேயே போடுவீர்களா?

ஹாஃப்பைப் ரசிகன்:
புகார் சொன்ன எல்லாரும் அதே பைப்பில்தானே இறங்கினார்கள்? 2018இல் பியோங்சாங்கில் 97.75 வாங்கித் தங்கம் ஜெயித்தாரே, அப்போது குழு எங்கே இருந்தது? யோசித்துப் பாருங்கள்.

மதுரைக்காரி:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். அந்த டிரம்மர் 2016இல் வைட் மீது வழக்குப் போட்டது தெரியுமா? சம்பளம் தரவில்லை என்றும், பிறகு பாலியல் தொல்லை என்றும். 2017இல் சமரசமாக முடிந்தது. 2018 தங்கம் வாங்கிய கையோடு நிருபர் கேட்டபோது அதை "வதந்தி" என்று சொல்லி, பிறகு அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். சிகாகோ அண்ணா சொன்ன பார்வையை இதோடு சேர்த்துப் படித்தேன், எனக்கு வேறு மாதிரி இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

ட்ரொண்ட்ஹெய்ம் தமிழன்:
நான் பார்த்தது பேர் பெற்ற ஆட்கள் இல்லை. இங்கே நார்வேயிலிருந்து எல்லையைத் தாண்டினால் சுவீடனில் ஓரே என்ற ஊர், நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முன்னாள் கோல்கீப்பர் லுண்ட்க்விஸ்ட் பிறந்த இடம். அவரும் சக ஹாக்கி வீரர்களோடு பாக்ஸ் பிளே என்று ராக் குழு வைத்து கிடார் வாசித்தவர்தான். தவறு செய்த ஆளை வெளியே அனுப்பிவிட்டால் மிச்சப் பேர் கோலைக் காக்கிற ஆட்டத்துக்கு அங்கே அதுதான் பேர், குழுவுக்கு இதைவிட வடிவான பேர் கிடையாது. (ரசிகன் தம்பி கவனிக்க: கிடார் வாசிக்கிற அந்த ஆள்தான் 2006இல் ஒலிம்பிக் தங்கம், 2012இல் வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது, இரண்டும் வாங்கினார்.)

சரி, என் கதை. பின்னேரம் மூன்று மணிக்கே அங்கே ஆஃப்டர்ஸ்கீ, அதாவது சறுக்கி முடித்த பிறகான கொண்டாட்டம், தொடங்கிவிடும், சனம் ஸ்கீ பூட்ஸோடு மேசையில் ஏறி ஆடும். அன்றைக்கு வாசித்த நாலு பெடியன்களும் மலைச்சரிவில் ஸ்கீயில் வேகமாக இறங்குகிற டவுன்ஹில் ஓட்டக்காரர், அடுத்த கிழமை போட்டி. டிரம்ஸ் வாசித்தவன் மலையிலிருந்து நேரே வந்து பூட்ஸோடேயே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பூட்ஸில் கணுக்கால் அசையாது, முன்பக்கம் சாய்ந்தபடி பூட்டிக் கிடக்கும், பெடலை மிதிக்க முழுக் காலையும் தூக்கவேண்டும். முதல் பாட்டு முழுக்க அடி பிந்திப் பிந்தி விழுந்தது. இரண்டாவது பாட்டுக்குக் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்தான், அப்பாடா. கிடார்க்காரனுக்குப் பெருவிரலில் கட்டு. விழும்போது ஸ்கீ கம்பு கையில் மாட்டி அந்த விரலின் தசைநார் கிழிவது அவர்களுக்குச் சகஜம். கம்பியை மீட்டுகிற பிக்கை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி வாசித்தான், பீடி பிடிக்கிற மாதிரி.

நாலாவது பாட்டில் பயிற்சியாளர் வந்து கதவடியில் கை கட்டி நின்றார். நாலு பேரும் கண்டுவிட்டார்கள். ஒருவரும் நிற்பாட்டவில்லை. இன்னும் சத்தமாக வாசித்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர் ஒரு சொல்லும் கதைக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

கிடார் வாத்தியார்:
டொராண்டோவில் ஒரு ஐஸ் ஹாக்கிப் பையன் என்னிடம் ஆறு மாதம் கற்றான், குழு ஆரம்பிக்கிறேன் என்று போனான், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் மேலே எழுதிய யாருமே முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லை. குளிர் ஊரில் கிடார் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். வெளியே மைனஸ் இருபதிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழும், ஒரு மாணவரின் அழகான கிடாரில் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும், கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியின் முனை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கவேண்டும், ஒரு சின்ன மீட்டர் வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். சுவரில் மாட்டுகிறவர்கள் தயவுசெய்து வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். அப்புறம் பிக்கை அப்படி இரண்டு விரலுக்கு நடுவில் பிடிப்பது தவறான பழக்கம்.

ட்ரொண்ட்ஹெய்ம் தமிழன்:
வாத்தியார், அவனுக்குப் பெருவிரலே இல்லாத மாதிரி கட்டு.

ஹெல்சிங்கி வெயில்:
குழு இல்லை, தனி ஆள், இருந்தாலும் எழுதுகிறேன். பின்லாந்துக்காரர் மாட்டி நூக்கனென். ஸ்கீ ஜம்ப்பில் நாலு ஒலிம்பிக் தங்கம், அதில் மூன்று 1988 கால்கரியில் மட்டும். பிறகு பாடகரானார், 1992இல் வந்த முதல் ஆல்பம் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் விற்றுத் தங்கத் தட்டு வாங்கியது. 2019இல் இறந்தார். அதற்குச் சில வருடம் முன்னால் ஓர் உணவகத்தில் பாடக் கேட்டேன். வந்ததில் பாதிப் பேர் சிரிக்கத்தான் வந்தார்கள், ஃபிஃப்டி ஃபிஃப்டி என்பதற்குப் பதிலாக "ஃபிஃப்டி சிக்ஸ்டி" என்று அவர் சொன்ன புகழ்பெற்ற உளறலையே திருப்பிக் கத்திக்கொண்டு. சிகாகோ நண்பரே, உங்கள் "போர்டு எங்கே" மாதிரிதான். முன்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார். குரலைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், நான் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகாகோவாசி:
ட்ரொண்ட்ஹெய்ம் அண்ணா, அந்தப் பையன்கள் அடுத்த வாரம் என்ன ஆனார்கள்?

ட்ரொண்ட்ஹெய்ம் தமிழன்:
தேடிப் பார்த்தேன். கிடார்க்காரன் கட்டோடேயே இறங்கி நடுவில் ஓரிடம் பிடித்தான். டிரம்ஸ் பெடியனுக்கு நேரமே போடவில்லை, பேருக்கு எதிரே டிஎன்எஃப், அதாவது ஓட்டத்தை முடிக்கவில்லை, என்று மட்டும் இருந்தது. விழுந்தானா, வழியில் நட்ட கொடி வாசலைத் தவறவிட்டானா, அதில் எழுதவில்லை.

கிடார் வாத்தியார்:
அவர்கள் கிடாரைத் துணி உறையில் கொண்டுவந்தார்களா, கெட்டிப் பெட்டியிலா?