சிறிய ஜெனரேட்டரில் கேம்பர் ஏசி: எங்கள் அனுபவங்கள்

சான் அன்டோனியோ உறுப்பினர்:

எங்களிடம் இருப்பது கேம்பர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கக்கூடிய 19 அடி டிரெய்லர். அதன் கூரையில் 13,500 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஒன்று உண்டு. அதற்காகவே வாங்கிய இன்வர்ட்டர் ஜெனரேட்டரின் பெட்டியில் 2,200 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தொடர்ந்து தரக்கூடியது 1,800 வாட்தான் என்பது கையேட்டைப் புரட்டிய பிறகே தெரிந்தது. இருந்தாலும், ஓடும்போது ஏசி 120 வோல்ட்டில் 12, 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 1,500 வாட்தான் எடுக்கும் என்பதால் கணக்கு இடிக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு குளிர்ந்த காலையில் வீட்டு வாசலில் வைத்துச் சோதித்தும் பார்த்தேன். ஜெனரேட்டர் ஒரு கணம் உறுமியது, கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது, நானும் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில் அந்தப் பெருமை கரைந்தது. நாங்கள் தங்கிய இடத்துக்கு மின் இணைப்பு கிடையாது. மே, ஜூனில் அங்கே வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். பிற்பகல் மூன்று மணிக்கு ஏசியைப் போட்டேன். முதலில் ஃபேன் சுற்றியது. சில நொடிகள் கழித்துக் கம்ப்ரஸர் ஒரு முனகல் முனகியது, ஜெனரேட்டரின் சத்தம் தாழ்ந்தது, அடுத்த நொடியே ஃபேனும் நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால், இன்ஜின் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது; பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிகிறது. சுமை தாங்காமல் ஜெனரேட்டருக்குள் இருக்கும் இன்வர்ட்டர் மின்சாரத்தைத் தானே துண்டித்திருந்தது.

கோபத்தில் மறுபடி மறுபடி முயன்றது என் முதல் தவறு. நின்ற கம்ப்ரஸருக்குள் ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் தாழ்ந்த அழுத்தமும் இருக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்தால்தான் இரண்டும் சமமாகும். அதற்குள் சுவிட்சைப் போட்டால், அது அந்த அழுத்தத்தையே எதிர்த்துச் சுற்ற வேண்டியிருக்கிறது. மார்ச்சில் ஓடிய அதே ஏசி மே மாதத்தில் மறுத்ததற்கும் காரணம் ஏறக்குறைய இதுதான்: வெளிக்காற்று சூடாக இருந்தால் ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயுவின் அழுத்தம் கூடுகிறது, தொடக்கமும் கடினமாகிறது, ஓடும்போது இழுக்கும் மின்சாரமும் உயர்கிறது. குளிர்காலையில் செய்த சோதனையைச் சோதனை என்றே நான் இப்போது கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. டிரெய்லரின் ஃப்ரிட்ஜ் சிலிண்டர் கேஸிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும்; ‘ஆட்டோ’ நிலையில் வைத்திருந்த அது, ஜெனரேட்டர் மின்சாரம் வந்தவுடன் கேஸிலிருந்து தானாகவே மின்சாரத்துக்கு மாறி 300 வாட் அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. முந்தின இரவு காலியாகிப்போன பாட்டரியை நிரப்பும் சார்ஜர் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜைக் கேஸிலேயே நிறுத்தி, சார்ஜரின் பிரேக்கரை இறக்கி, சுமைக்கு ஏற்ப இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் ஈகோ சுவிட்சையும் அணைத்தபின், வெயில் சற்றுத் தாழ்ந்த நேரத்தில் ஏசி கிளம்பியது. கம்ப்ரஸர் நின்று மறுபடி தொடங்கினால் எங்கே கைவிட்டுவிடுமோ என்ற பயத்தில் தெர்மோஸ்டாட்டைக் குளிர்ப்பக்கம் கடைசி வரை திருகிவைத்து, போர்வைக்குள் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தோம்.

வீடு திரும்பியதும் கூரையில் ஏறி ஏசியின் மூடியைக் கழற்றி, கம்ப்ரஸரின் தகட்டைப் படித்தேன். தொடக்க நொடியில் இழுக்கும் மின்சாரம் 60 ஆம்பியருக்குச் சற்றே குறைவு என்று அதில் இருந்தது. அந்த நொடி மிகச் சிறியது என்பதால்தான் வீட்டு மின்சாரம் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிறிய ஜெனரேட்டரோ அந்த நொடியிலேயே தோற்றுவிடுகிறது. ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரை வாங்கி நான்கு வயர்களை இணைத்துப் பொருத்தினேன். கம்ப்ரஸரை ஒரேயடியாக உதைத்துக் கிளப்பாமல் படிப்படியாக வேகமெடுக்கவைப்பதால், அந்த உச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சென்ற ஆகஸ்டில் அதே ஜெனரேட்டரில், அதே அளவு வெயிலில், ஏசி தயங்காமல் கிளம்பியது. 3.6 லிட்டர் டேங்க் மூன்றரை மணி நேரம் வந்தது.

டென்வர் உறுப்பினர்:

நண்பர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் தொடக்கத்தை மட்டுமே எளிதாக்கும் என்பதை நான் கொலராடோவின் கிரேட் சாண்ட் டூன்ஸ் தேசியப் பூங்காவில் பட்டுத் தெரிந்துகொண்டேன். அங்குள்ள பின்யான் ஃபிளாட்ஸ் முகாம் ஏறத்தாழ 8,200 அடி உயரத்தில் இருக்கிறது. கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸ் வரை சுடும். மணல்மேட்டில் ஏறி இறங்கி, வெயிலில் நின்ற டிரெய்லருக்குள் வந்த குழந்தைகளுக்காக ஏசியைப் போட்டேன். அழகாகக் கிளம்பி, பத்து நிமிடம் ஓடி, பிறகு சிவப்பு விளக்கைக் காட்டியது.

காற்று மெலிய மெலிய இன்ஜினின் பலமும் குறைகிறது. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் குறையும் என்று கையேட்டில் எழுதியிருந்ததை நான் எங்களூரில் இருப்பதைவிடச் சற்றே கூடுதலாகும் சமாசாரமாகவே நினைத்திருந்தேன். எட்டாயிரம் அடியில் அது கால்பங்குக்கும் மேல். என் ஜெனரேட்டரின் 1,800 வாட் அங்கே 1,300 ஆகிவிடுகிறது, ஏசிக்கு வேண்டியதோ 1,500. எந்தச் சாமர்த்தியமும் அந்த 200 வாட்டைக் கொண்டுவராது. உடன் வந்த குடும்பத்திடம் அதே மாடல் ஜெனரேட்டர் இருந்ததால், இரண்டையும் இணையாகக் கோக்கும் வயரைப் போட்டு மாலை வரை ஓட்டினோம். தனியாகப் போயிருந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

ஹூஸ்டன் உறுப்பினர்:

வாட் கணக்கில் மூழ்கும்போது நான் மறந்தது புகையை. வயர் எட்டவில்லை என்பதற்காக ஜெனரேட்டரை டிரெய்லரின் பின்பக்கத்தை ஒட்டியே வைத்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்குக் காற்று திசைமாறியதும் உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது என்பதால், அலாரம் மட்டும் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. டிரெய்லரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் அதைப் பார்க்காமல் வெளிப்புறம் பார்த்தபடி வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் எல்லோரும் சொல்லும் விதிதான். தள்ளி வைப்பதற்காகக் கராஜில் கிடந்த மெல்லிய ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயரை மறுநாள் போட்டுப் பார்த்தேன்; அரை மணி நேரத்தில் பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. இப்போது 10 கேஜ் கனத்தில் 25 அடி வயர் ஒன்று வைத்திருக்கிறேன். சுருட்டினால் மலைப்பாம்பு மாதிரி இருக்கிறது; பெட்டிக்குள் அடங்க மறுக்கிறது.