ஸ்டார்ட் ஆன பிறகும் வோல்ட் மீட்டர் ஏறி இறங்குவது ஏன்?

கேள்வி: 2001 டாட்ஜ் ராம் பிக்கப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின். மின்னசோட்டா குளிர், காலையில் 10 டிகிரி பாரன்ஹீட் (சுமார் மைனஸ் 12 செல்சியஸ்). இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் ஹெட்லைட் விட்டுவிட்டு மங்குது, வோல்ட் மீட்டர் 14-லிருந்து 11 பக்கம் இறங்கி ஏறுது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போச்சா?

பதில் 1: ஆல்டர்னேட்டரைக் கழற்றிடாதீங்க, அது இன்டேக் ஹீட்டர். இந்த இன்ஜினில் சிலிண்டருக்குள்ளே சூடேற்றும் க்ளோ பிளக் கிடையாது. மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வாயில் இருக்கும் இரண்டு ஹீட்டர் பட்டைகள்தான் உள்ளே போகிற காற்றைச் சூடாக்கும். ஒவ்வொன்றும் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும், அதான் லைட் மங்குது. வெள்ளைப் புகையைக் குறைக்க ஸ்டார்ட் ஆன பிறகும் விட்டுவிட்டு வேலை செய்யும். வண்டி மணிக்கு சுமார் 20 மைல் வேகம் பிடித்ததும் நின்றுவிடும்.

பதில் 2: குளிரில் 'வெயிட் டு ஸ்டார்ட்' (ஹீட்டர் சூடாகும் வரை பொறு என்று காட்டும்) விளக்கு எரிந்தும் வோல்ட் இறங்கவே இல்லை என்றால்தான் கவலைப்படணும். பேட்டரி பக்கம் இருக்கும், ஹீட்டருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் இரண்டு ரிலேக்களிலும், ஹீட்டருக்குப் போகும் பெரிய போல்ட்டில் மல்டிமீட்டரை வையுங்க. ரிலே 'டக்' என்று அடித்தும் அங்கே வோல்ட் வரலையா, உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். வோல்ட் வந்தும், கேபிளைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் க்ளாம்ப் மீட்டரில் கரண்ட் ஓடலைன்னா பட்டை அறுந்திருக்கு, இல்லை கேபிள் முனை துருப்பிடிச்சிருக்கு.

பதில் 3: ஸ்டார்ட் ஆகலைன்னு ஈதர் ஸ்ப்ரே (சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) மட்டும் அடிக்கவே அடிக்காதீங்க. பழுக்கக் காய்ந்த பட்டையில் பட்டால் மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும்.