தீவகமா, கரைநாடா? நீரிணைக் கூட்டரசின் உறுப்புகளுக்கு ஒரு பெயர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கற்பனை வரலாற்றில் 1946 ஏப்ரல் 1 வேறு மாதிரி விடிகிறது. நிஜத்தில் அன்று மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒன்றாக்கி மலாயன் யூனியன் அமைந்தது. நம் கதையில் அதற்காகப் பிரிட்டிஷார் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற தங்கள் நேரடிக் காலனியைக் கலைக்கவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், லாபுவான் நான்கும் ஒன்றாகவே இருந்து, பிறகு தனிக் கூட்டரசாக விடுதலை பெறுகின்றன. இதுவரை யாருக்கும் மறுப்பில்லை. கூட்டாட்சி, சமஷ்டி, கூட்டரசு என்ற மூன்றில் கூட்டரசு என்று முடிவானதும் நல்லதுதான். கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசம் என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு. இப்போது பேச்சு நிற்பது அதன் உறுப்புகளை என்ன சொல்லி அழைப்பது என்பதில். வந்த யோசனைகள்:

> மாநிலம் என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? (கிள்ளான் அக்கா)

> நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் இன்றைக்கும் தீவகம் என்றுதான் சொல்கிறோம். உயிரோடு இருக்கும் சொல். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். (யாழ்ப்பாணத்து ஐயா)

> தீவரசு என்று வைத்தால் கூட்டரசோடு ஓசை பொருந்தும். (சிங்கப்பூர் தம்பி)

என் யோசனை கரைநாடு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் எழுதுவது நிபோங் திபாலிலிருந்து. பினாங்கு மாநிலம்தான், ஆனால் தீவு இல்லை. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையின் தென்கோடி, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். இங்கிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் சிறிது நேரத்தில் மூன்று மாநிலத்தைத் தொட்டுவிடலாம். கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். ஆற்றுக்கு இந்தப் பக்கமே சற்றுக் கிழக்கே போனால் பண்டார் பாரு, அது கெடா. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பண்டார் பாருவில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது எங்கள் பிள்ளைகள் போர்வைக்குள் இருப்பார்கள். மாநில எல்லை என்பது இங்கே வரைபடத்துக் கோடு இல்லை, அன்றாடம் குறுக்கே வந்து நிற்கும் ஒன்று.

நம் கதையில் அந்த எல்லை நாட்டின் எல்லையாகிவிடும். பேராக்கும் கெடாவும் மலாயாவில். நாங்கள் நீரிணைக் கூட்டரசில். பாரிட் புந்தாரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகக் கடப்பிதழ் வேண்டும், பாலத்தின் நடுவில் குடிநுழைவுச் சாவடி. இவ்வளவையும் தாங்கப்போகிற மக்களைத் தீவகத்தார் என்று அழைத்தால் எப்படிப் பொருந்தும்? 1786-இல் தீவு, 1800-இல் கெடாவிடமிருந்து எதிர்க்கரையில் ஒரு துண்டு நிலம் என்று இரண்டு தவணையாகக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்டது பினாங்கு. அந்த எதிர்க்கரைதான் பிற்பாடு தெற்கே கிரியான் வரை வளர்ந்தது. இன்று பரப்பளவில் தீவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கரும்புத் தோட்டத்துக்குத் தமிழரைக் கொண்டுவந்து இறக்கியது இங்கேதான், ரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்னால். மலாக்காவும் தீவு இல்லை. அப்புறம் தீவகம், தீவரசு இரண்டும் யாருக்கான சொல்? தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். பினாங்குத் தீவு குடிக்கும் நீரில் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து செபராங் பிறை வழியாகப் போகிறது. சிங்கப்பூர் ஜொகூரோடு 1961-லும் 1962-லும் செய்த நீர் ஒப்பந்தங்களை எல்லாரும் அறிவோம். தீவு தனியே வாழ்வதில்லை. எதிரே ஒரு கரை இருந்தால்தான் வாழ்கிறது. நம் கூட்டரசின் அரசியல் முழுக்க இந்தக் கயிற்றில்தான் தொங்கும்.

குடியுரிமையைப் பற்றி இங்கே யாரும் எழுதாதது எனக்கு வருத்தம். நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்தவர், பிறந்த இடத்தை வைத்தே பிரிட்டிஷ் குடிமகன். நிபோங் திபால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த தமிழ்க் குழந்தைக்கு அந்த நிலை உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்கு, அது பேராக் சுல்தானின் மாநிலம் என்பதால், இடத்தை வைத்து அது கிடைக்காது. தகப்பன் எங்கே பிறந்தான், அவனுக்கு என்ன குடியுரிமை என்று பார்க்க வேண்டும். ஆள் சேர்த்து மேய்க்கும் ஒரே கங்காணி கூட்டிவந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டு கரையில் இரண்டு சட்டத்தின் கீழ் பிள்ளை பெற்றிருக்கும். நம் கூட்டரசின் முதல் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்ற கேள்வி இந்தத் தோட்டங்களில்தான் சூடு பிடிக்கும். கதையில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிள்ளான் அக்கா, மாநிலம் தப்பான சொல் இல்லை. ஆனால் அதைப் படித்ததும் இன்றைய மலேசிய மாநிலம் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடும்: மந்திரி பெசாரோ (சுல்தான் உள்ள மாநிலத்தின் அரசுத் தலைவர்) முதலமைச்சரோ, நில அலுவலகம், இஸ்லாமிய விவகாரம், மற்றதெல்லாம் கோலாலம்பூர். நம் உறுப்புகள் அதைவிடக் கனமானவை. பினாங்கு ஒரு காலத்தில் குடியேற்றங்களின் தலைநகராகவே இருந்தது. 1832-இல்தான் அது சிங்கப்பூருக்கு மாறியது. 1948-49-இல் மலாயாக் கூட்டரசிலிருந்து பிரிந்துவிட வேண்டும் என்று பினாங்கில் நிஜமாகவே ஓர் இயக்கம் நடந்தது. மன்றத்தில் தீர்மானம் தோற்றது. அப்படிப்பட்ட ஊர் நம் கதையில் சும்மா இருக்காது.

நாடு என்ற பின்சொல்லுக்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: நாடு என்றால் முழு இறையாண்மை உள்ளது அல்லவா? தமிழ்நாடு 1969-இல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, இந்திய ஒன்றியத்தின் ஒரு மாநிலமாக இருந்துகொண்டே. சோழர் ஆட்சியில் மண்டலத்துக்குள் வளநாடு, வளநாட்டுக்குள் நாடு. கொங்கின் 24 நாடுகளில் வடகரை நாடு, தென்கரை நாடு என்றே இரண்டு இருக்கின்றன. பெரிய ஒன்றுக்குள் அடங்கி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலப்பகுதிக்குத் தமிழில் நாடு பழகிய சொல்தான். கரை என்பதோ தீவுக்கும் உண்டு, பெருநிலத்துக்கும் உண்டு. கரையகம் என்றும் யோசித்தேன். நூலகம், பணியகம் மாதிரி ஒரு கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, விட்டுவிட்டேன். கரைநாட்டு அவை, கரைநாட்டு வரி, கரைநாட்டவர் என்று நீட்டிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை.

யாழ்ப்பாணத்து ஐயாவின் தீவகத்தையும் நான் கைவிடவில்லை. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோக்கோஸ் தீவுகள் 1886-இலும் கிறிஸ்துமஸ் தீவு 1900-இலும் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டவை. பிற்பாடு 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் அவை ஆஸ்திரேலியாவுக்குப் போயின. நம் கதையில் போகவில்லை. தனியாகச் சட்டமன்றம் நடத்தும் அளவுக்கு அங்கே மக்கள் இல்லை, ஆகவே கூட்டரசே நேரடியாக நிர்வகிக்கும். அவற்றுக்குக் கூட்டரசுத் தீவகம் என்று பெயர் வைக்கலாம்.

இப்போது சிங்கப்பூர் தம்பிக்கு. முந்தைய வரைவில் நான் செபராங் பிறையைப் பினாங்கிலிருந்து பிரித்து ஐந்தாவது உறுப்பாகத் தனியே நிறுத்தியதற்கு நீங்கள் கோபப்பட்டீர்கள், மேலவையில் பினாங்குக்கு இரட்டை இடம் கிடைத்துவிடுகிறது என்று. உங்கள் பக்கம் இருக்கும் எடையையும் பாருங்கள். 1947 குடிக்கணக்கில் சிங்கப்பூரில் 9 லட்சத்துக்கு மேல். பினாங்கில் இரண்டு கரையும் சேர்த்தே ஏறக்குறைய நாலரை லட்சம். மலாக்காவில் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. பாதிக்கு மேல் ஒரே உறுப்பில் இருக்கும் கூட்டரசு என்ன ஆகும் என்பதற்கு உண்மையான முன்மாதிரி இருக்கிறது. 1958-இல் கரீபியனில் இருந்த பிரிட்டிஷ் தீவுகள் சேர்ந்து, பத்து உறுப்புகளோடு மேற்கிந்தியக் கூட்டரசு தொடங்கியது. மக்களில் பாதிக்கு மேல் ஜமைக்காவில். கீழவையின் 45 இடங்களில் ஜமைக்காவுக்குக் கொடுத்தது 17. கூட்டரசுக்கு முதல் ஐந்து ஆண்டு வருமான வரி போடும் அதிகாரமே கிடையாது, உறுப்புகள் கொடுக்கும் பங்குப் பணத்தில் ஓட வேண்டும். ஜமைக்காவின் தலைவர் நார்மன் மான்லி கூட்டரசுத் தேர்தலில் நிற்கவே இல்லை. பெரிய தலைகள் சொந்தத் தீவிலேயே இருந்துகொண்டார்கள். 1961 செப்டம்பரில் ஜமைக்கா வாக்கெடுப்பு நடத்தி வெளியேறியது. பத்திலிருந்து ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்றார் டிரினிடாட்டின் தலைவர் எரிக் வில்லியம்ஸ். 1962 மே மாதத்தோடு கதை முடிந்தது.

ஆகவே இடத்தைக் குறைத்தால் அதற்கு ஈடாக அதிகாரம் கொடுக்க வேண்டும். 1963-இல் மலேசியா அமைந்தபோது 159 இடங்களில் சிங்கப்பூருக்கு 15. மக்கள் தொகையில் அதைவிடச் சிறிய சபாவுக்கு 16, சரவாக்குக்கு 24. குறைந்த இடத்துக்குப் பதிலாகக் கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரின் கையில் இருந்தன. நம் கதையிலும் அந்தப் பேரத்தை வைக்கலாம். அது இரண்டு ஆண்டு கூடத் தாங்கவில்லை என்பதையும் எண்ணிக்கொண்டே வைக்க வேண்டும்.

செபராங் பிறையைத் தனியே நிறுத்துவதில் நான் உறுதியாக இருக்கிறேன். கரீபியனில் இரண்டு தீவுகள் சேர்ந்த நாடான செயிண்ட் கிட்ஸ் நெவிஸில் சின்னத் தீவான நெவிஸுக்குத் தனிச் சட்டமன்றம் இருக்கிறது. பெரிய தீவுக்கு அப்படித் தனியாக ஒன்று இல்லை. எடை குறைந்தவனுக்குச் சொந்தமாக ஒரு மேசை வேண்டும். இல்லாவிட்டால் ஜார்ஜ் டவுன் வணிகர்கள் தீர்வையில்லாத் துறைமுகத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். தோட்டத்துச் சம்பளமும் லயத்துக் கூரையும் யார் நிகழ்ச்சி நிரலிலும் ஏறாது.

சரி, வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன்:

கூறு 1. நீரிணைக் கூட்டரசு பினாங்குத் தீவு, செபராங் பிறை, மலாக்கா, சிங்கப்பூர், லாபுவான் என்னும் ஐந்து கரைநாடுகளால் ஆனது.

கூறு 2. கோக்கோஸ் தீவுகளும் கிறிஸ்துமஸ் தீவும் கூட்டரசுத் தீவகங்கள்.

கூறு 3. கூட்டரசுக்கென்று எழுதப்படாத அதிகாரம் எல்லாம் கரைநாடுகளுக்கு உரியது.

மூன்றாவது கூறு நம் மலேசிய அரசியலமைப்பின் 77-ஆம் பிரிவைப் பார்த்து எழுதியது. எஞ்சிய அதிகாரம் அங்கேயும் மாநிலங்களுக்குத்தான்.

நான்காவது கூறு, ஒரு கரைநாடு வெளியே போவது பற்றியது, இன்னும் காலி. நெவிஸில் 1998-இல் 62 விழுக்காட்டினர் பிரிவுக்கு ஓட்டுப் போட்டும் மூன்றில் இரண்டு பங்கு வராததால் பிரியவில்லை. அந்த அளவையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பெயர்தான் பாக்கி: பிரிவுரிமையா, விலகுரிமையா? எனக்கு விலகுரிமை பிடித்திருக்கிறது. பிரிவு என்றால் முழுவதும் இரண்டாக உடைவது போல இருக்கிறது. ஒன்று விலகினாலும் மிச்ச நான்கும் கூட்டரசாக நிற்கும் என்று நாம் எழுதப்போகிறோம். யாழ்ப்பாணத்து ஐயா இதில் என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகு எழுதுகிறேன்.