திங்கட்கிழமை உட்காரப் போகிறோம், போலீஸ் கலையச் சொன்னால்?

தையல்கடை செல்வி:

எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் பேரூராட்சி வண்டி குப்பை கொட்ட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மனு கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பேரூராட்சி ஆபீசுக்கு எதிரே உட்காருவது என்று எங்கள் தெருப் பெண்கள் அறுபது பேர் முடிவு செய்திருக்கிறோம். எனக்குத் தையல் மெஷினை விட்டால் ஒன்றும் தெரியாது. போராட்டம் என்று எங்கேயும் போனதில்லை.

ஸ்டேஷனில் அனுமதி கேட்டு மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. வெளியே வரும்போது ஒருவர், "தர்ட்டி டூ போட்டிருக்கும்மா, கூடக் கூடாது" என்றார். முப்பத்திரண்டாவது சட்டமா அது? பக்கத்து வீட்டு அக்கா, "பிடிச்சா மண்டபத்துல வெச்சு சோறு போட்டு சாயந்தரம் விட்டுடுவாங்க" என்கிறார். நிஜமா? 68 வயது மாமியாரும் வருவேன் என்று நிற்கிறார். என் பெண் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறாள், அவள் பெயரில் கேஸ் வந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். லத்தி சார்ஜ் எப்போது செய்வார்கள், சொல்லிவிட்டுச் செய்வார்களா?

மண்டபத்து மாப்பிள்ளை:

சகோதரி, யூனியனில் இருந்த காலத்தில் பதினேழு தடவை மண்டபம் பார்த்தவன் நான். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நேரம் மண்டபத்தில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்வது பெரும்பாலும் நடப்பதுதான். வேனில் ஏற்றுவார்கள், ஒரு ஏட்டு பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் எழுதிக் கையெழுத்து வாங்குவார், மதியம் தக்காளி சாதம் வரும், ஆறு மணிக்கு முன்னால் கதவைத் திறந்துவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கையெழுத்தைச் சும்மா நினைக்காதீர்கள். முன்னெச்சரிக்கைக் கைது என்பது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 151-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 170. அதில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. அதோடு முடிந்தது என்று நாங்களும் ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டோம். ஒன்றரை வருடம் கழித்துப் போக்குவரத்துக்கு இடையூறு, சட்டவிரோதமாகக் கூடுதல் என்று சம்மன் வந்தது. அரசு வேலைக்குப் போகும்போது போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. அதனால் உங்கள் பெண்ணை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், போன் எண்களை எல்லாம் வைத்துக்கொண்டு தகவல் சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுங்கள். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

பழைய ஏட்டு:

28 வருடம் லத்தி பிடித்தவன், இப்போது தோட்டம் பார்க்கிறேன். அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கலைந்து போங்கள் என்று எல்லோரும் உத்தரவு போட முடியாது. தாசில்தார் போன்ற நிர்வாக நடுவர், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவர். அதே சட்டத்தில் முன்பு 129-வது பிரிவு, இப்போது 148. என்னைப் போன்ற ஏட்டு "போ போ" என்று கத்தினால் அது உத்தரவு ஆகாது. முதலில் மைக்கில் எச்சரிக்கை. போக நேரம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், கண்ணீர்ப்புகை, லத்தி எல்லாம். லத்தி என்றாலும் இடுப்புக்குக் கீழேதான் என்று டிரில்லில் சொல்லித் தருவார்கள். ஓடுகிறவரைத் துரத்திப் போய் அடிக்க எந்த டிரில்லிலும் இடம் கிடையாது.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? மைக்கில்தான். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஜீப்பின் மேல் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் முன்வரிசையைப் பார்த்து இருந்தது. அதிகாரி மூன்று முறை எச்சரித்தார். பின்னால் நின்ற இருநூறு பேருக்கு ஒன்றும் கேட்கவில்லை, என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்கள் முன்னால் தள்ளினார்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்த எங்களுக்கும் கூச்சல்தான் கேட்டது. முன்வரிசை போக நினைத்தாலும் போக முடியவில்லை, ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவர், இன்னொரு பக்கம் எங்கள் கயிறு. மேலே இருந்து பார்த்தவருக்கு அது "கலைய மறுக்கும் கூட்டம்". அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு முழங்கையில் அடி. கூடை கவிழ்ந்து, எங்கள் பூட்ஸ் காலில் பழம் மிதிபட்ட வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த அம்மாவை அடித்தது நான் இல்லை. பக்கத்தில் நின்றேன்.

அதனால் சொல்கிறேன், நாளைக்கே போய் இடத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் எழுந்து போகலாம், உங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எச்சரிக்கை கேட்காவிட்டால் இரண்டு பேர் எழுந்து கையைத் தூக்கி, "சார், பின்னால் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதை ஒரு பிள்ளை போனில் பிடிக்கட்டும். பெண்களை அப்புறப்படுத்தப் பெண் போலீஸ் வர வேண்டும். சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கிறதா பாருங்கள், கைது செய்கிறவருக்கு அது கட்டாயம் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முத்துநகர் பையன்:

ஏட்டையா, நீங்கள் மனசாட்சியோடு எழுதியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் டிரில்லில் இருந்ததெல்லாம் 2018 மே 22 அன்று எங்கள் ஊர் தூத்துக்குடியில் எங்கே போனது? ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கக் கிளம்பிய கூட்டம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். 2022-ல் சட்டமன்றத்தில் வைத்த அருணா ஜெகதீசன் விசாரணை ஆணைய அறிக்கை, தப்பி ஓடியவர்களையும் சுட்டார்கள், மறைவிடத்திலிருந்து சுட்டார்கள் என்கிறது. 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். இன்டர்நெட்டை மூன்று மாவட்டத்தில் நிறுத்திவிட்டார்கள், யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வீடு வீடாக நடந்தோம்.

செல்வி அக்காவைப் பயமுறுத்தவில்லை. அறுபது பெண்கள் உட்காருவது வேறு, அது வேறு. ஆனால் மைக் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியவில்லை ஐயா.

பழைய ஏட்டு:

தம்பி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கருப்பு கோட்டு:

அக்கா, "தர்ட்டி டூ" என்பது 1861-ஆம் வருடப் போலீஸ் சட்டத்தின் 30-வது பிரிவு, 2-வது உட்பிரிவு. வெள்ளைக்காரன் போட்டது. அதைப் படித்துப் பார்த்தால் ஊர்வலம், கூட்டம் நடத்துகிறவர் உரிமம் வாங்க வேண்டும் என்று கேட்கத்தான் அதில் அதிகாரம் இருக்கிறது. கூடவே கூடாது என்று தடை போட வேறு பிரிவு, குற்ற நடைமுறைச் சட்டத்தின் பழைய 144, இப்போது பி.என்.எஸ்.எஸ். 163. அப்படித் தடை போட்டாலும் எழுத்தில் காரணம் வேண்டும், உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020-ல் காஷ்மீர் இன்டர்நெட் தடையை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. சும்மா எதிர்க்குரலை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பு.

ஸ்டேஷனில் கொடுத்த மனுவின் நகலை இன்றே எஸ்.பி. ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இருந்தால் ஹைகோர்ட்டுக்குப் போகலாம், பெரும்பாலும் இடத்தையும் நேரத்தையும் குறித்து நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும். இன்னொன்று, ரோட்டை மறிக்காதீர்கள். பொதுவழியைக் காலவரையறை இல்லாமல் அடைத்து உட்கார உரிமை இல்லை என்று டெல்லி ஷாகீன்பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு ஓரமாக, இத்தனை மணி வரை என்று எழுதிக்கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். "நாங்கள் கைதா, இல்லையா?" என்று வேனில் ஏறும் முன்பே சத்தமாகக் கேளுங்கள்.

தையல்கடை செல்வி:

எல்லோருக்கும் நன்றி. சாயந்தரம் போய் இடத்தைப் பார்த்தேன். ஏட்டையா சொன்ன மாதிரியே நாங்கள் குறித்திருந்த இடத்துக்குப் பின்னால் காம்பவுண்ட் சுவர், பக்கத்தில் டிரான்ஸ்பார்மர். நூலகத்துக்கு முன்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டோம், அங்கிருந்து இரண்டு சந்து பிரிகிறது. பத்திலிருந்து ஒரு மணி வரை என்று எழுதித் தபாலில் அனுப்பியாயிற்று, ஒப்புகையும் கேட்டு. தர்ட்டி டூ உத்தரவைக் காட்டுங்கள் என்று ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார்.

பெண் வீட்டில் இருக்க ஒப்புக்கொண்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். மாமியார் கேட்கவில்லை. தரையில் உட்கார முடியாது, ஸ்டூல் எடுத்து வருவாராம்.