எலும்புப் பிடியில் இறங்கிய பச்சை: செம்பு போல்ஸ்டர் அனுபவங்கள் (கத்தி செய்கிறவர்களின் பதிவுகள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

அரப்பொடி

ஒட்டக எலும்புப் பிடி, செம்பு போல்ஸ்டர் (பிடியின் முனைகளில் இரண்டு பக்கமும் வரும் உலோகக் கட்டை), ஒற்றை அலகு ஸ்லிப்ஜாயிண்ட் (பூட்டு இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே நிற்கும்) மடக்குக் கத்தி. 1000 நம்பர் வரை உப்புத்தாள் போட்டு, பாலீஷும் முடிந்து பதினைந்து நாள். போல்ஸ்டரை ஒட்டிய எலும்பில் நகக்கண் அகலத்துக்கு ஒரு பச்சை நிழல். துணியில் வரவில்லை, ஸ்பிரிட்டிலும் வரவில்லை. ஊசிமுனையால் சுரண்டினால் அரை மில்லிமீட்டர் ஆழத்திலும் அதே பச்சை.

செம்பில் களிம்பு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எலும்புக்குள் எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. பார்க்க வழவழப்பாக இருந்தாலும் எலும்பு முழுக்க நுண்துளை. இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் தேய்க்கும்போது செம்புத்தூள் அந்தத் துளைகளில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முதலில் லேசான சாம்பல் நிறம், வெறும் அழுக்கு என்று தோன்றும். காற்றின் ஈரமும் கைவியர்வையின் உப்பும் சேர்ந்த பிறகுதான் பச்சை கிளம்பும்.

தடுக்க வழி உண்டு. பொருத்துவதற்கு முன்பே எலும்பின் மேல்முகத்துக்கும் போல்ஸ்டரைத் தொடும் முகத்துக்கும் தண்ணீர்போல ஓடுகிற சூப்பர்குளூ இரண்டு மூன்று தடவை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 400 தாளில் நீவி விடணும். போல்ஸ்டரின் எலும்பைத் தொடும் முகம் தனியாக இருக்கும்போதே தட்டையாகி முடிந்திருக்கணும். பொருத்திய பிறகு தேய்ப்பது எலும்பிலிருந்து செம்பை நோக்கி ஒரே திசையில். தாளைத் தூக்கி எடுத்துத்தான் திரும்பக் கொண்டுவரணும், இழுத்துக்கொண்டே வரக் கூடாது. பத்து இழுப்புக்கு ஒருமுறை எலும்பில் டேப் ஒட்டி உரித்தால் தூள் அதோடு வந்துவிடும்.

கறை இறங்கிவிட்டால் மருந்து இல்லை. எலும்பை மாற்றணும், இல்லை பிடி முழுவதையும் பச்சைச் சாயத்தில் போடணும். மைகார்ட்டா (துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய பலகை), கருங்காலி மாதிரி கறுத்த பிடிகளில் இது கண்ணுக்கே தெரியாது. வெள்ளை எலும்பும் வெளிர் மரமும்தான் மாட்டிக்கொள்ளும்.

சுத்திமுனை

எலும்பையாவது மாற்றலாம். பிவட்டில், அதாவது அலகு சுழலும் அச்சுப் பின்னில், தெரியும் வெள்ளைப் பொட்டை என்ன செய்வது? 2.5 மி.மீ. செம்பு போல்ஸ்டர், 2.4 மி.மீ. ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லை, செம்பு–நிக்கல்–துத்தநாகக் கலவை) பின். இரண்டு பக்கமும் சம்மட்டி அடித்து, அரம் போட்டு மட்டமாக்கி, 220 வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. 600 தாள் போட்டதும் சிவப்பு நடுவில் மொச்சைக்கண் மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

ஜெர்மன் சில்வர் போல்ஸ்டரில் ஜெர்மன் சில்வர் பின் மறைந்துபோகும். அமெரிக்கப் பழைய கத்திகளிலும் ஷெஃபீல்டு கத்திகளிலும் பின் இருக்கும் இடமே தெரியாது. அந்தப் பழக்கத்தில் செம்புக்கும் அதே பின்னைப் போட்டால் இப்படித்தான் ஆகும். போல்ஸ்டர் எந்த உலோகமோ பின்னும் அதுவாக இருக்கணும்.

போல்ஸ்டரை லைனரோடு (பிடிக்கு உள்பக்கம் வரும் மெல்லிய உலோகத் தகடு) பிடிக்கும் சின்னப் பின்னுக்கு 16 கேஜ் செம்புக் கம்பி போதும். அது 1.63 மி.மீ., ஆகவே 1.6 துளைக்குள் போகாது, 1.65 துளை போடுங்கள். துளையின் வெளிவாயைச் சரிவு ரீமரால் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) கொஞ்சம் விரித்துவிடணும். அடிக்குக் கால் அங்குலம் சரிவுள்ள சாதாரண டேப்பர் பின் ரீமர் நன்றாக வேலை செய்யும். பின் வெளியே நீட்ட வேண்டியது விட்டத்தில் பாதி. அடிக்கும் முன் கம்பியை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். எஃகுபோல் செம்பு தண்ணீரில் இறுகாது, இளகியே இருக்கும். இளகிய பின்தான் துளையின் சரிவுக்குள் ஓடி நிரம்பும். நிரம்பாமல் தலைமுடி அளவு இடைவெளி நின்றாலும் பிறகு கறுப்பு அதில் இறங்கி வளையமாகக் காட்டிவிடும். பிவட்டுக்கும் இதே செம்புக் கோலைப் போட்டால் பொட்டு இல்லை.

நடுஅலகு

சுத்திமுனை அண்ணே, போல்ஸ்டர் பின்னுக்கு நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. பிவட்டுக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

செம்பு பிவட் போட்ட ஒரு கத்தி, சில மாத உபயோகம். அலகை விரித்து நுனியைப் பக்கவாட்டில் அசைத்தால் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிறது. பின்னை வெளியே தட்டி எடுத்தால் நடுவில் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருக்கிறது. லைனர் பிடித்த இடம் முழு விட்டம், அலகு சுழன்ற இடம் மெலிவு. அந்தப் படியைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு செம்பு பிவட்டைப் பற்றி வேறு பேச்சே வராது.

ஸ்லிப்ஜாயிண்டில் முதுகு ஸ்பிரிங் எப்போதும் அலகின் அடிக்கட்டையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் முழுவதும் பிவட்டின் ஒரே பக்கத்தில். இறுகின அலகு எஃகு, இளகின செம்பு, ஆயிரம் தடவை திறந்து மூடினால் எது தேயும்?

சிலர் கார்பன் எஃகுக் கோல் போடுகிறார்கள். அது தேயாது, ஆனால் துருப்பிடிக்கும். அகலச் செம்பு நடுவில் குட்டி எஃகுப் பொட்டு, வியர்வை பட்டால் அது பேட்டரிதான். செம்புப் பரப்பு பெரிது, எஃகுப் பரப்பு சிறிது, அரிப்பு முழுவதும் அந்தச் சிறிய பொட்டின் தலையில் விழும். ஆகவே ஜெர்மன் சில்வர், இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு. வெள்ளைப் பொட்டு தெரியட்டும், சரியாக நடுவில் இருந்தால் அதுவும் அழகுதான்.

இன்னொன்றும் முக்கியம். பளுவைத் தாங்க வேண்டியது லைனர், போல்ஸ்டர் இல்லை. 0.8 முதல் 1 மி.மீ. ஜெர்மன் சில்வர் அல்லது ஸ்டெயின்லெஸ் லைனரில் பிவட் துளை ரீமர் போட்டு இறுக்கமாக இருக்கணும். லைனரே இல்லாமல் செம்பிலேயே ஒற்றைக் கட்டையாகக் கடைந்து அலகை நேரடியாக அதில் உரசவிட்டால், உள்முகம் கீறிக் கீறிச் செம்பு அலகில் ஒட்டிக்கொள்ளும்.

பழுப்புத்தண்ணி

டமாஸ்கஸ் அலகு (எஃகு அடுக்குகளைச் சேர்த்தடித்துக் கோலம் வரச் செய்தது) வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு திராவகத் தொட்டியிலிருந்து அலகை வெளியே எடுத்தால், கறுப்பும் வெள்ளியுமாக வர வேண்டிய கோலம் முழுக்க ரோஜா நிறம். புதுச் சொம்பு மாதிரி.

அந்தத் தொட்டியில்தான் அதற்கு முன் செம்பு போல்ஸ்டரை அரித்துக் கறுப்பாக்கியிருந்தது. கரைந்த செம்பு திராவகத்தில் நிற்கிறது. இரும்பு உள்ளே போனதும் இரும்பு கரைந்து, செம்பு அதன் மேல் வந்து படிந்துவிடுகிறது. சர்க்யூட் போர்டு அரித்த பழைய திராவகத்தை வாங்கி வந்தாலும் இதே கதிதான்.

தொட்டி இரண்டு, தனித்தனி, மூடியில் பெயர் எழுதி. எஃகுக்கு: ஒரு பங்கு திராவகம், மூன்று முதல் நான்கு பங்கு தண்ணீர். அலகை அரித்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, எண்ணெய் பூசிய பிறகுதான் பொருத்தணும். கோர்த்து முடித்த கத்தியை முழுசாக முக்கக் கூடாது. அலகில் கோலம் வரும்முன் போல்ஸ்டரின் விளிம்பு கரைந்துபோகும். சிவந்துபோன அலகை 600 தாளில் தேய்த்துப் புதுத் திராவகத்தில் மறுபடி போட்டால் சரியாகும்.

பஸ்பார்

மேலே எல்லோரும் துளை, துளை என்கிறீர்கள், துளை போடுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 3 மி.மீ. பஸ்பார் (மின்பலகையில் மின்சாரம் கடத்தும் செம்புப் பட்டை) துண்டு, 2.4 மி.மீ. டிரில் பிட், அடிப்பக்கம் உடைத்து வெளியேறும் நொடியில் பிட் கடித்து, துண்டு சுழன்று, வைஸின் வாயில் அடித்தது. துளை முட்டை வடிவம். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பஸ்பாரும் மின்கம்பியும் பெரும்பாலும் ஒரே சரக்கு, சி110 எனப்படும் மின்தரச் செம்பு. நிறம் பின்னோடு பொருந்தும், சுத்தமும் போதும். குறை ஒன்றே, அறுக்கவும் துளைக்கவும் அல்வா மாதிரி இழுக்கும். எளிதாக வெட்டுப்படும் பித்தளைக்கு 100 மதிப்பெண் கொடுத்தால் சுத்தச் செம்புக்கு 20தான். அரை சதவீதம் டெல்லூரியம் கலந்த சி145 கிடைத்தால் அது 85. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பித்தளைக்கு பிட்டின் வெட்டுமுனையைச் சற்றே மழுக்கு என்பார்கள். அதே புத்தியைச் செம்பிலும் காட்டினால் பிட் வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். சூடான செம்பு பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். செம்புக்குப் புதிய கூர்தான் வேண்டும். கடிப்பதைத் தடுக்க அடியில் ஒரு எஃகுத் தகடோ தேக்குக் கட்டையோ வைத்து இறுக்கிப் பிடியுங்கள், துளை வெளிவருகிற இடத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. 2.2ல் துளைத்து, 2.4க்கு ரீமர். இரண்டு மில்லிமீட்டர் இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்துச் சீவலை உடையுங்கள். எண்ணெயாக மண்ணெண்ணெய் போதும். கந்தகம் கலந்த வெட்டெண்ணெய் வேண்டாம், செம்பு கறுத்துவிடும்.

அரத்தின் பல்லிலும் செம்பு அடைத்துக்கொள்ளும். அடைத்த துணுக்கு அடுத்த இழுப்பில் ஆழமான கீறல் போடும், அந்தக் கீறலை எடுக்க அரை மணி நேரம். அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்துவிட்டால் அடைப்பது குறையும். உப்புத்தாள் பெல்ட் மெஷினில் தேய்ப்பவர்கள் வேகத்தைக் குறைத்து, மூன்று தொடுகைக்கு ஒரு தடவை தண்ணீரில் நனையுங்கள். செம்பு சூட்டை உடனே பின்னுக்கும் எபாக்ஸிப் பசைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கை பொறுக்காத சூடு வந்தால் எபாக்ஸி இளகத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து எலும்பும் வெடிக்கும்.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 12 × 11 × 2.5 மி.மீ. போல்ஸ்டர் ஒன்று செம்பில் சுமார் 3 கிராம், எஃகில் 2.6 கிராம். ஒரு கத்தியின் நான்கு போல்ஸ்டரும் சேர்த்தே இரண்டு கிராம்கூட வித்தியாசம் வராது. பிடி முழுவதையும் செம்பில் செய்தால்தான் பாக்கெட் தொங்கும்.

நவச்சாரம்

பற்றவைத்த போல்ஸ்டரில் லைனர் ஓரமாக நூல் கட்டினதுபோல் பச்சைக் கோடு. துடைத்தால் போகும், மூன்றாம் நாள் திரும்ப வரும். இணைப்புக்குள் மாட்டிக்கொண்ட அமில ஃபிளக்ஸ்தான் (பற்று ஒட்டுவதற்காகத் தடவுவது) காரணம். பற்றவைத்த உடனே, அலகும் ஸ்பிரிங்கும் கோர்க்கும் முன், சோடா உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பல் பிரஷ்ஷால் தேய்த்து, சூடாகவே உலர்த்தணும். 221 டிகிரியில் உருகும் வெள்ளீயம்–வெள்ளிப் பற்று போதும்.

சொம்பு

கேள்வி ஒன்று. கறுத்த போல்ஸ்டரைப் பூஜைப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

அரப்பொடி

தனி போல்ஸ்டர் என்றால் தேய்க்கலாம். கோர்த்த கத்தியில் வேண்டவே வேண்டாம். புளித்தண்ணீர் லைனருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இறங்கிவிடும். வெளியே செம்பு மின்னும், உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிக்கும், திறக்கும்போது நறநறக்கும். மெட்டல் பாலீஷைத் துணியில் பட்டாணி அளவு எடுத்து, செம்பில் மட்டும் தேய்த்து, பிறகு மெழுகு ஒரு பூச்சு.

நேர்மாறாக, சீராகக் கறுக்கணும் என்றால் அவித்த முட்டையை உடைத்து, மூடியுள்ள டப்பாவில் கத்தியோடு வைத்து ஒரு இராத்திரி விடுங்கள். மஞ்சள்கருவின் கந்தக வாயு போதும். கத்தி முட்டையைத் தொடக் கூடாது, அலகில் எண்ணெய் இருக்கணும். ஈரமே படாததால் உள்ளே பயமில்லை. ஜெர்மன் சில்வர் பொட்டு பெரிதாகக் கறுக்காது, வெள்ளையாகவே நிற்கும்.

தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோலின் அமிலமும் கொழுப்பும் செம்போடு சேர்ந்து பச்சை மெழுகு மாதிரி திரளும்.

நடுஅலகு

பழைய இரும்புக் கடையில் செம்புத் துண்டு பொறுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். வழக்கத்தைவிட இறுக்கமாக, வில் மாதிரித் திரும்பி வருகிற செம்பு கிடைத்தால் அது பெரிலியம் செம்பாக இருக்கலாம். தீப்பொறி வராத கருவிகளும் மின் ஸ்பிரிங்குகளும் அதில் செய்வார்கள். இரண்டு சதவீதத்துக்குள்தான் பெரிலியம், ஆனாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. என்ன சரக்கு என்று தெரியாததைப் பெல்ட்டில் வைக்காதீர்கள். சாதாரணச் செம்புக்கும் முகமூடி கட்டாயம்.

சுத்திமுனை

நடுஅலகு தம்பி, பிவட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தேய்ந்த படி என்றதும் மறுபேச்சு இல்லை. மேலே எழுதியதில் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் சில்வர் பிவட்டைச் செம்பு போல்ஸ்டரில் அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பின்னைவிடப் போல்ஸ்டர் இளகினது, சுத்தியின் ஒரு தவறான அடியில் அதில் பள்ளம் விழும். போல்ஸ்டரின் இறுதிக் கனத்தைவிட 0.3 மி.மீ. கூடுதலாக விட்டு அடித்துவிட்டு, அப்புறம் மட்டமாக்குங்கள். அடிப்பதற்கு முன் அலகுக்கும் லைனருக்கும் நடுவில், பிவட்டைச் சுற்றிக் கவட்டை மாதிரி வெட்டின 0.05 மி.மீ. தகடு சொருகணும். கனமான அடி வேண்டாம், சின்னப் பால்பீன் (உருண்டை முனை) சுத்தியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஐந்தாறு தட்டுக்கு ஒருமுறை அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். தகட்டை உருவினதும் அலகு இறுக்கமாக, ஆனால் உரசாமல் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.