புயல் நாட்களில் கைக்கு வந்த பறவைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அடையாற்றிலிருந்து:

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இனி நள்ளிரவில் நம் பறவை பார்ப்போர் குழுவில் யாராவது ஒருவர் "மாடியில் ஒரு பறவை விழுந்து கிடக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்பார்கள். முன்பு கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் நடந்ததை இங்கே எழுதி வைத்தால், அந்த நேரத்தில் பதறுகிறவருக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவின் பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அதன் பொந்தில் ஒரு புள்ளி ஆந்தை இணை குடியிருந்தது தெருவுக்கே தெரியும். செல்பேசிக்குச் சிக்னல் வந்து வந்து போனது. கிடைத்த ஓர் இடைவெளியில் பெசன்ட் நகர் அக்கா ஒருவர் அழைத்து, "மரம் அறுக்க வருகிறவர்களிடம் முதலில் பேசு. பொந்துக்குள் கையை விடாதே, டார்ச் அடித்து மட்டும் பார்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தபோது உள்ளே ஒன்று உயிரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அறுக்க வந்த தொழிலாளர்களிடம் சொன்னதுமே புரிந்துகொண்டார்கள். பொந்துக்கு மேலேயும் கீழேயும் தாராளமாக இடம் விட்டு அறுத்து, அந்தத் துண்டை நான்கு பேர் தூக்கிவந்து எங்கள் வேப்பமரத்தில் கயிறு கயிறாகச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அன்று இன்னும் எத்தனையோ தெருக்கள் காத்திருந்தன. அந்தி சாய்ந்ததும் ஆந்தை தானாகவே வெளியேறிப் பறந்தது. திரும்பி வரவில்லை. அடுத்த கோடையில் அதே பொந்தில் மைனாக்கள் குஞ்சு பொரித்தன.

அந்தப் புயலில் சென்னை இழந்த முதிர்ந்த மரங்களை எண்ணும்போதெல்லாம், அவற்றோடு போன பொந்துகளையும் சேர்த்தே நினைக்கிறேன். கிளிக்கும் ஆந்தைக்கும் மைனாவுக்கும் நாம் நடும் கன்று வீடாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

தாம்பரத்திலிருந்து:

என்னுடையது ஆறுமணிக்குருவி. அக்டோபர் மாத மழை இரவு, ஜன்னல் கண்ணாடியில் மோதி வராந்தாவில் விழுந்தது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. அதுவரை படத்தில்கூடப் பார்த்திராத பறவை. என் மகள் கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். நான் படத்தை அனுப்பியதும் குழுவில் மூன்று பேர் ஒரே சொல்லைத்தான் எழுதினார்கள்: "ஊட்டாதீர்கள்." பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது, மயங்கிய பறவைக்கு நாம் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஒரு கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். செருப்புப் பெட்டியில் துளையிட்டு, அடியில் பழைய துண்டு விரித்து, இருட்டான அறையில் மூடி வைக்கச் சொன்னார்.

இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. "திறந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முகம் தெரியாத ஓர் ஐயா, "வேண்டாம் தம்பி, அது நம்மைப் பார்த்தாலே பயப்படும், விடியட்டும்" என்று ஒவ்வொரு முறையும் பதில் எழுதினார். அவரும் தூங்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. விடிந்ததும் பெட்டியைத் தோட்டத்துப் புதர் அருகே வைத்துத் திறந்தேன். துள்ளி இறங்கியது, சருகைக் கிளறியது, மறைந்தது. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிலேயே பறந்து தெற்கே வரும் பறவை அது என்று அன்றுதான் படித்தேன். என் ஜன்னலுக்கு இப்போது வெளிப்பக்கம் வலை கட்டியிருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து:

ஒக்கிப் புயலைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். 2017 நவம்பர் இறுதி. கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் எங்கள் ஊர்கள் கரையிலேயே கிடந்த நாட்கள். அப்போது ஒரு பறவையைப் பற்றிப் பேசுவதே தவறோ என்று மனம் கூசியது. வலைக்கூடத்துக்குப் பின்னால் அது கிடந்தது. முதுகு கரி நிறம், நெற்றியும் வயிறும் வெள்ளை, பிளந்த வால். நம் கரையோரம் தினமும் பறக்கும் ஆலாக்களில் ஒன்றல்ல. படத்தைப் பார்த்த திருவனந்தபுரத்து நண்பர் சூட்டி ஆலா என்றார். லட்சத்தீவின் பிட்டி தீவில் கூட்டமாக முட்டையிடும் இனம். முட்டையிடும் காலம் தவிர்த்து ஆண்டுக்கணக்கில் நடுக்கடலின் மேலேயே பறந்து திரியும். தண்ணீரில் நீண்ட நேரம் உட்கார்ந்தால் இறகு நனைந்து ஊறிவிடும். புயலின் கண்ணுக்குள் சிக்கும் இத்தகைய பறவைகள் அதனோடே நகர்ந்துவந்து, காற்று தளரும் இடத்தில் சோர்ந்து விழுகின்றன.

கடல் பறவைதானே, கடலில் விட்டுவிடலாம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அலையில் எறிந்தால் மூழ்கிவிடும் என்று நண்பர் தடுத்தார். சூடான இடத்தில் பெட்டிக்குள் வைத்தேன். விடியும் முன்னே இறந்துவிட்டது.

எனக்கு இன்றும் ஆறுதலாக இருப்பது அந்த நண்பர் அடுத்து செய்தது. "நாளையும் இடத்தையும் எழுதிக்கொள்வோம். இப்போது உங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். யார் யார் வரவில்லை என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். பறவையைப் பார்க்கத்தான் நாங்கள் பழகினோம். அந்த இரவில் அவர் எனக்கு உறவானார்.

வேதாரண்யத்திலிருந்து:

கஜா, 2018 நவம்பர் 16 அதிகாலை. கோடிக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்தன, மான்கள் செத்துக் கரை ஒதுங்கின, பறவைகளும் செத்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக் கூரையும் போனது. பறவைகளுக்கென்று நான் எதுவும் செய்ய முடியவில்லை. குழுவிலிருந்து தார்ப்பாய் வந்தது, அரிசி வந்தது. பூநாரைகளைப் பார்க்க ஆண்டுதோறும் வருகிறவர்கள், அந்த முறை எங்களைப் பார்க்க வந்தார்கள். அதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எண்ணூரிலிருந்து:

2023 டிசம்பர், மிக்ஜாம். வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரங்களின் தண்டு எல்லாம் கறுத்தன. எங்கள் ஆட்கள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவே கூழைக்கடாக்கள், மார்பும் இறக்கையும் தார் பூசியதுபோல்.

எண்ணெய் படிந்த இறகு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. தண்ணீர் தோலைத் தொடும், உடல் குளிர்ந்துபோகும். பறவை அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும், எண்ணெய் வயிற்றுக்குள் போகும். பார்த்தவுடன் சோப்பு போட்டுக் கழுவத்தான் எல்லோருக்கும் தோன்றும். சோர்ந்த பறவையைக் கழுவினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். முதலில் சூடும் ஓய்வும், பிறகு பயிற்சி பெற்றவர்கள் கையால் வெதுவெதுப்பான நீரில் குளியல் என்று நம் குழுவினர்தான் தொலைபேசியில் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொன்னார்கள், அதை அழுத்தி எழுதுகிறேன். கூழைக்கடாவைப் பிடிக்க நேர்ந்தால் அலகைக் கயிற்றால் இறுகக் கட்டக் கூடாது. அதற்கு வெளியே திறந்த மூக்குத் துளை கிடையாது, வாயால்தான் மூச்சு விடுகிறது. அலகைப் பிடிப்பவர் நடுவில் ஒரு விரலைக் கொடுத்துச் சற்றுத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பறக்கும் தெம்போடு இருந்தன. நெருங்கினால் எழுந்து போய்விடும், பிடிக்க வழியே இல்லை. ஆகவே எந்த இடத்தில், எந்த நேரத்தில், உடலில் எவ்வளவு எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறது என்று குறித்து வனத்துறையிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம். படகும் தொழிலும் போன வீட்டிலிருந்து அந்த வேலைக்குப் போவது எளிதாக இல்லை. "இவ்வளவு துயரத்தில் பறவைக்கு என்ன?" என்று கேட்டவர்களும் எங்கள் தெருவில்தான் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பறவையும் நானும் ஒரே ஆற்று மீனைத் தின்றுதான் வளர்ந்தோம்.

கடலூரிலிருந்து:

நான் புதிதாகச் சேர்ந்தவள். மழையில் கிளிக்குஞ்சு கிடைத்தால் வளர்ந்து பறக்கும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, அக்கா?

அடையாற்றிலிருந்து:

கூடாது அம்மா. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்க்க அனுமதிப்பதில்லை. இரவில் பெட்டியில் பத்திரமாக வை, காலையில் வனத்துறையிடம் ஒப்படை. பொந்து அருகிலேயே இருந்து, தாய் வந்து போனால், குஞ்சைத் திரும்ப அதிலேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. எந்த நேரமானாலும் எழுது, யாராவது விழித்திருப்போம்.

பழவேற்காடு, மரக்காணம் பக்கம் இருப்பவர்கள் யார் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பெட்டி, துண்டு, கையுறை எங்கே கொடுத்து வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.