ரஸ்கியாடோவில் சுண்டுவிரல் மக்கர் பண்ணுகிறது

ஃபிளமெங்கோ (ஸ்பெயின் நாட்டு இசை) கிட்டார் பழகி எட்டு மாதம் ஆகிறது. இடது கை ஓரளவு படிந்துவிட்டது. வலது கைதான் வம்பு, அதுவும் ரஸ்கியாடோவில் (விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தந்திகளை மீட்டும் முறை). கட்டைவிரலை ஆறாவது தந்தியில் ஊன்றி, சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டிவிரல் வரை, கேரம் காயைச் சுண்டுவதுபோல் வரிசையாக விரிக்கிறேன். மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் நான்கும் தனித்தனியாகக் கேட்கின்றன. 80 தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிக்கொண்டு ஒரே 'சர்ர்'. சொலேயா என்ற ஃபிளமெங்கோ வடிவத்தின் 12 அடித் தாளத்தில் 3, 6, 8, 10, 12இல் விழவேண்டிய அழுத்தம் எங்கெங்கோ விழுகிறது. முன்கையும் இறுகிவிடுகிறது (வலி இல்லை, நல்லவேளை).

இது சரியாகும்வரை அபானிகோ (மணிக்கட்டைச் சுழற்றி விசிறிபோல் மீட்டும் ரஸ்கியாடோ வகை) பக்கம் போகாமல் இருக்கலாமா, இரண்டையும் சேர்த்தே பழகலாமா? தந்தியைத் தொடாமல் விரலை மட்டும் விரிக்கும் பயிற்சி யாருக்காவது பலன் தந்ததா? அப்புறம், சுண்டுவிரல் நகம் எவ்வளவு நீளம் வைக்கிறீர்கள்?